ப்ரோட்டீனையும் மினரலையும் கலந்து கம்ப்யூட்டர் பண்ண முடியுமா?

நீங்க கேட்டது நிஜமாவே நடக்குது, ஆனா லேப்டாப் மாதிரி ஒண்ண மனசுல வச்சுக்காதீங்க, இது டப்பால இருக்கிற கலங்கின தண்ணி, அவ்வளவுதான். 1950கள்ல சிட்னி ஃபாக்ஸ்னு ஒரு விஞ்ஞானி, ப்ரோட்டீனோட அடிப்படைத் துண்டுகளான அமினோ ஆசிட்களோட காய்ஞ்ச பொடிகளை ஒண்ணா சூடு பண்ணினார், அதெல்லாம் ப்ரோட்டீன் மாதிரி சங்கிலியா கோத்துக்கிச்சு, வெந்நீர்ல கரைச்சு ஆற விட்டா கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டை. உயிர் கிடையாது, ஆனா எலக்ட்ரோடு செருகிப் பாத்தா நரம்பு செல் மாதிரி வோல்டேஜ் துடிக்குது!

இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஆண்ட்ரூ ஆடமாட்ஸ்கியோட லேப் இதோட ஜிங்க் ஆக்ஸைடு துகளைக் கலந்து பாத்தாங்க, அதாங்க, அரிப்புக்குத் தடவுற ரோஸ் கலர் கேலமைன் லோஷன்ல இருக்கிற அதே வெள்ளைப் பொடி. அது செமிகண்டக்டர், அதாவது சிப்புல இருக்கிற சிலிக்கான் மாதிரி கரண்ட்ட ஓரளவு மட்டும் கடத்துற பொருள், அதனாலதான் அத எடுத்தாங்க.

கணக்கு எப்படின்னா, ஒரு பக்கம் சிக்னல் குடுத்து இன்னொரு பக்கம் துடிப்பு வந்தா 1, வரலைன்னா 0. இல்லாட்டி கலவைய அப்படியே விட்டுட்டு, வர்ற அவுட்புட்ட படிக்கிறதுக்கு மட்டும் ஒரு ப்ரோக்ராம ட்ரெய்ன் பண்றது, அதுக்குப் பேர் ரிசர்வாயர் கம்ப்யூட்டிங். எனக்கு இந்த ரெண்டாவதுதான் புத்திசாலித்தனமா படுது. வேகம்னு பாத்தா சிலிக்கான் சிப் பக்கத்துல கூட நிக்க முடியாது.