ஜீரோ டர்ன் மோவர் வாங்கலாமா? கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

ஏப்ரல் பிறந்து புல் தலைகாட்டியதும் ஜார்ஜியா, டெக்சஸ், கரோலினா பக்கம் புதிதாக வீடு வாங்கிய நம்மாட்கள் கேட்பதில் பாதி இந்த ஜீரோ டர்ன் பற்றித்தான், அதாவது உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டி. அட்லாண்டாவுக்கு வடக்கே ஒன்றரை ஏக்கரைப் பல வருஷமாக நானே வெட்டுகிறேன், பெல்ட், பிளேடு, ஆயில் எல்லாம் கராஜிலேயே பார்த்துக்கொள்வேன், நான் எந்தக் கம்பெனியின் ஆளும் இல்லை. விலைகள் தோராயம்தான். கேளுங்கள்.

சார்லட்டிலிருந்து: அண்ணா, கால் ஏக்கர் லாட். பக்கத்து வீட்டுக்காரர் ஜீரோ டர்னில் உட்கார்ந்து ஜாலியாக முடித்துவிடுகிறார். நானும் வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. கால் ஏக்கர் என்பது 10,890 சதுர அடி. அதில் வீடு, டிரைவ்வே, டெக், பூச்செடிப் பாத்தி எல்லாம் கழித்தால் புல் என்று மிஞ்சுவது பாதிதான் இருக்கும். அதற்கு 21 அங்குல செல்ஃப் புரொபெல்டு மோவர் (தானே நகரும், பின்னால் நடந்தால் போதும்) போதும், நடந்த மாதிரியும் ஆச்சு. ஜீரோ டர்னில் மலிவானதே 3,000 டாலர் பக்கம் போகும், அப்புறம் அது கராஜில் காரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். லாட் அளவை விடுங்கள், புல் மட்டும் அரை ஏக்கர் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் பேசலாம்.

ராலேயிலிருந்து: சாதாரண ரைடிங் மோவருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நின்ற இடத்திலேயே எப்படித் திரும்புகிறது?

பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன், அதாவது ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு. இடது கை லீவர் இடது சக்கரத்துக்கு, வலது கை லீவர் வலது சக்கரத்துக்கு. ஒன்றை முன்னால் தள்ளி மற்றதைப் பின்னால் இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். முன்சக்கரம் இரண்டும் கடைத் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி, இழுத்த பக்கம் போகும், அதற்கென்று சொந்த புத்தி கிடையாது. இதை நினைவில் வையுங்கள், கீழே சரிவு பற்றிப் பேசும்போது தேவைப்படும். இந்த இரட்டை லீவர் டிசைன் 1960களில் கான்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தது, இந்த வண்டி செய்யும் ஹஸ்லர் கம்பெனி அந்த மாநிலத்து ஹெஸ்டன் என்ற சின்ன ஊரில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் மரம், ஊஞ்சல், பாத்தி என்று சுற்றி வளைக்க வேண்டியது நிறைய இருந்தால் இதை அடிக்க ஆளில்லை. வெறும் திறந்த வெளி, கூடவே டிரெய்லர் இழுக்க வேண்டும், குளிர்காலத்தில் பனி தள்ள வேண்டும் என்றால் லான் டிராக்டரே நல்லது, விலையும் குறைவு.

சாட்டனூகாவிலிருந்து: எங்கள் பேக்யார்டு நல்ல சரிவு, கீழே சின்னக் குளம். கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்கிறார்.

கடைக்காரர் உங்கள் குளத்தைப் பார்த்தாரா? கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது ஆளைக் கொல்லக்கூடிய விஷயம்.

முன்சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, திருப்பும் சக்தியும் இல்லை. ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாமே பின்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கிவிட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். லீவரை எப்படி இழுத்தாலும் வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டே இருக்கும். டிராக்டரில் வழுக்கினால் ஸ்டீயரிங்காவது கையில் இருக்கும், இதில் அதுவும் இல்லை.

பெரும்பாலான மானுவல்களில் 15 டிகிரிதான் உச்ச வரம்பு, சிலவற்றில் அதைவிடக் குறைவு. 15 டிகிரி என்றால் பத்தடி தூரத்துக்குச் சுமார் இரண்டே முக்கால் அடி இறக்கம். வாங்கும் முன் ஒரு நேரான பலகையைச் சரிவில் கிடத்தி அதன்மேல் போனை வைத்து லெவல் ஆப்பில் பாருங்கள். ஒரே இடத்தில் பார்க்காமல், இருப்பதிலேயே செங்குத்தான இடத்தைத் தேடிப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தாலும் காய்ந்த புல்லில் மட்டும், மெதுவாக, மேலும் கீழுமாக ஓட்டுவதே பொது விதி (உங்கள் மெஷினின் மானுவல் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்). குளத்தோரம், ரீடெயினிங் சுவர் ஓரம் இங்கெல்லாம் சக்கரமே போகக்கூடாது, அந்தப் பட்டையைத் தள்ளு மோவரிலோ டிரிம்மரிலோ வெட்டுங்கள். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பி வளைவு) உள்ள மாடல் வாங்கினால் பாரை நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட் போடுங்கள். பார் மடங்கியிருக்கும்போது பெல்ட் போடக்கூடாது, கவிழ்ந்தால் அதுவே உங்களை அடியில் கட்டிப்போட்டுவிடும்.

ஸ்டீயரிங் வைத்து முன்சக்கரமும் திரும்பும் ஜீரோ டர்ன் கப் கேடட் கம்பெனியில் இருக்கிறது. சரிவில் லீவர் வண்டியைவிட அது பிடிமானம். ஆனாலும் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் என் பதில் இதுதான்: மேல் பாதிக்கு மெஷின், கீழ்ப் பாதியைக் காடாக விட்டுவிடுங்கள். குளத்துக்கு அதுதான் அழகும்கூட.

ஃபிரிஸ்கோவிலிருந்து: 22 எச்பி வாங்கவா, 24 எச்பி வாங்கவா? 500 டாலர் வித்தியாசம்.

எல்லோரும் இந்த இடத்தில்தான் மயங்குகிறார்கள். 42 அங்குல டெக்குக்கு (டெக் என்பது பிளேடு சுழலும் அடிக்கூடு, அதன் அகலம்தான் இந்த அங்குலம்) 22 எச்பியே தாராளம், அதற்கு மேல் வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கருக்குக் கொடுக்கிற காசு. அந்த 500 டாலரை டிரான்ஸ்மிஷனிலும் டெக்கிலும் போடுங்கள்.

டிரான்ஸ்மிஷனை வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் ஹைட்ரோ கியர் என்ற பெயர் இருக்கும். ஆரம்ப விலை வண்டிகளில் வருவது இஇசட்டி வகை, ஆயில் மாற்ற வசதி வைக்காமலே செய்தது. சமதரை, ஒரு ஏக்கர் என்றால் அதுவே பல வருஷம் உழைக்கும். இரண்டு மூன்று ஏக்கர், மேடுபள்ளம், வெயில் என்று வந்தால் சூடேறித் தளர்ந்துவிடும். அதற்கடுத்த படி இசட்டி 2800, அப்புறம் 3100, 3400. இவற்றில் ஃபில்டரும் ஆயிலும் மாற்றலாம். விளம்பரத்தில் இந்த எண்ணைப் பெரிதாகப் போட மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். வண்டியின் ஆயுசு இங்கேதான் இருக்கிறது, எஞ்சின் போனால் மாற்றிக்கொள்ளலாம், இரண்டு ஹைட்ரோவும் போனால் வீட்டு உபயோக வண்டியில் ரிப்பேர் கட்டுப்படியாகாது.

டெக் இரண்டு ரகம்: ஒரே தகட்டை அழுத்தி வடித்தது, தகடுகளை வெல்டு செய்தது. தகட்டின் கனத்தை கேஜில் சொல்வார்கள், எண் குறையக் குறையக் கனம் கூடும். 13 கேஜ் சுமார் 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.4, 7 கேஜ் 4.5. மரவேரும் கல்லும் உள்ள நிலம் என்றால் வெல்டு செய்த 10 கேஜ் பாருங்கள். சுத்தமான லான் என்றால் அழுத்தி வடித்த டெக்கே போதும், வளைவான உட்புறத்தில் காற்று நன்றாகச் சுற்றுவதால் வெட்டும் சுத்தமாக விழும். எஞ்சினில் கவாசாகி என்று பார்த்தவுடன் சந்தோஷப்பட வேண்டாம், எஃப்ஆர் வரிசை வீட்டு உபயோகத்துக்கு, எஃப்எஸ், எஃப்எக்ஸ் தொழில்முறைக்கு. எஃப்ஆர் மோசமில்லை, எஃப்எக்ஸ் விலைக்கு எஃப்ஆர் வாங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கேட்டி, டெக்சஸிலிருந்து: ஒரு ஏக்கர். பெரிதாகவே வாங்கிவிடலாம் என்று 60 அங்குலம் பார்க்கிறேன்.

ஒரு கணக்கு போடுங்கள். மணிக்கு எத்தனை மைல் வேகம், அதை டெக் அகலத்தால் (அங்குலத்தில்) பெருக்கி 99 ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று வரும். திரும்புவது, ஒன்றன்மேல் ஒன்று படிவது எல்லாம் போக அதில் 80 சதவீதம்தான் நிஜம். 5 மைல் வேகத்தில் 42 அங்குலம் மணிக்கு 1.7 ஏக்கர், 60 அங்குலம் 2.4 ஏக்கர். உங்கள் ஒரு ஏக்கருக்கு முன்னது 35 நிமிஷம், பின்னது 25. பத்து நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் டாலர்? போதாததற்கு அகல டெக் மேட்டில் ஏறும்போது புல்லை வேரோடு மொட்டையடிக்கும். ஒரு ஏக்கருக்கு 42 முதல் 48, இரண்டு மூன்றுக்கு 54. 60 எல்லாம் அதற்கு மேல்.

பணம் கட்டும் முன் டேப் எடுத்து ஃபென்ஸ் கேட்டை அளந்தீர்களா? பல வீடுகளில் 36 அங்குலம்தான். 42 அங்குல வண்டி, வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் தள்ளும் மூடியோடு சேர்த்து 50ஐத் தாண்டும், மூடியைத் தூக்கி மடித்தாலும் 48 அங்குல கேட் வேண்டும். வண்டி வந்திறங்கிய பிறகு கேட் போஸ்ட்டைப் பிடுங்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கமிங், ஜார்ஜியாவிலிருந்து: மன்னார்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். ஊரில் டிராக்டர் ஓட்டியவர், "நான் ஓட்டுறேன்மா" என்று நிற்கிறார். விடலாமா அண்ணா?

விடுங்கம்மா, ஆனால் முதல் நாளே கராஜிலிருந்து விடாதீர்கள். டிராக்டர் ஓட்டியவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு, ஆபத்து என்றால் கால் தானாக பிரேக்கைத் தேடும், இதிலோ பெரும்பாலும் கால் பிரேக்கே கிடையாது. இரண்டு லீவரையும் நடுவுக்குக் கொண்டுவந்தால்தான் நிற்கும். திறந்த சமதரையில் பிளேடை ஓடவிடாமல், எஞ்சின் வேகத்தைக் குறைத்து அரைமணி நேரம் சுற்றட்டும். லீவரை இறுக்கிப் பிடிக்காமல் விரலால் மெல்லத் தள்ளச் சொல்லுங்கள், இறுக்கிப் பிடித்தால் குதிரை மிரண்டதுபோல ஆகிவிடும். திடலுக்கு விடுங்கள், சரிவுக்கு வேண்டாம். முக்கியமாக, பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டு என்று ஆரம்பிப்பார். அது கூடவே கூடாது, அப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 16 வயதுக்குக் கீழே ரைடிங் மோவர் ஓட்ட விடக்கூடாது என்கிறது. குட்டிகள் வீட்டுக்குள் இருக்கும்போதுதான் எஞ்சினையே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஹூஸ்டனிலிருந்து: பேட்டரி ஜீரோ டர்ன் எப்படி?

ஒரு ஏக்கர், ஒன்றரை வரைக்கும் தைரியமாகப் பார்க்கலாம். ஆயில் இல்லை, கார்புரேட்டர் இல்லை, ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டுக்காரர் முறைக்க மாட்டார். ஈகோ (EGO) போன்ற கம்பெனி வண்டிகளில் அதே பேட்டரியை லீஃப் புளோயரிலும் டிரிம்மரிலும் மாட்டலாம், ஏற்கெனவே அந்த வரிசை கையில் இருந்தால் இது நல்ல கணக்கு. ஆனால் மழைக்குப் பிறகு விட்டுப்போய் முழங்கால் உயரம் வளர்ந்த செயின்ட் அகஸ்டின் புல்லில் சார்ஜ் கண்முன்னே கரையும். விற்பவர் சொல்லும் ஏக்கர் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள், புது பேட்டரி விலையையும் அன்றே கேட்டு வையுங்கள்.

கேரியிலிருந்து: ஹோம் டிப்போவா, டீலரா?

விலை மட்டும் என்றால் பெரிய கடை. ரிப்பேர் என்று வந்தால் டீலர். ஜூன் மாதம் வண்டி நின்றுபோனால் தன்னிடம் வாங்கியவரின் வண்டியைத்தான் டீலர் முதலில் பார்ப்பார், இது உலக வழக்கம். டெக்கை மட்டம் பார்த்து, டயரில் காற்று சரிபார்த்து ஒப்படைப்பதும் அவர்தான். வாரண்டியை முழுசாகப் படியுங்கள், "மூன்று வருஷம் அல்லது 300 மணி நேரம், எது முதலில் வருகிறதோ" என்பதுபோல் ஒரு கொக்கி இருக்கும். காசு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் புல்லை வெட்டினால் வீட்டு உபயோக வாரண்டி செல்லாமல் போகலாம்.

மேரியட்டாவிலிருந்து: 600 மணி நேரம் ஓடிய கமர்ஷியல் வண்டி, புதிய வீட்டு உபயோக வண்டியின் விலைக்கே வருகிறது. எடுக்கலாமா சார்?

நல்ல வண்டியாக இருந்தால் நானே எடுப்பேன். போகும்போது எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆற விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், நீலப்புகை வருகிறதா பாருங்கள். இருபது நிமிஷமாவது ஓட்டுங்கள். ஹைட்ரோ தேய்ந்த வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகப் போகும், சூடானதும் சின்ன மேட்டில் முனகும், ஒரு பக்கமாக இழுக்கும். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, கையுறை போட்டு பிளேடை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிளேடைத் தாங்கும் தண்டின் (ஸ்பிண்டில்) பேரிங் போச்சு, அது பெரிய செலவில்லை, பேரத்துக்கு உதவும். டெக்கின் அடியில் துருப்பிடித்துத் தகடு மெலிந்திருந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பிளேனோவிலிருந்து: திரும்பும் இடத்திலெல்லாம் புல் பிய்ந்து மண் தெரிகிறது. பெர்முடா புல்.

ஒரு சக்கரத்தை நிறுத்திவிட்டு அதன்மேலேயே சுழல்கிறீர்கள், அந்த டயர்தான் திருகிப் பிய்க்கிறது. இரண்டு சக்கரமும் எப்போதும் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். வரிசை முடிந்ததும் கொஞ்சம் வளைந்து, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போங்கள், மூன்று அசைவில் முடியும். பெர்முடா நம்ம ஊர் அருகம்புல்லேதான், வெயில் காலத்தில் தானே பரவி மூடிவிடும். ஃபெஸ்க்யூ புல் வைத்திருப்பவர்கள்தான் விதை தூவ வேண்டியிருக்கும்.

ஆல்ஃபரெட்டாவிலிருந்து: இப்போதே வாங்கவா, விலை குறையும் வரை பொறுக்கவா?

செப்டம்பர், அக்டோபரில் டீலர்கள் இருக்கிற சரக்கைத் தள்ளப் பார்ப்பார்கள், நல்ல விலை படியும். அதுவரை ஆள் வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். அப்படி வாங்கினால் இரண்டு மாதத்தில் குளிர்காலம் வந்துவிடும், பழைய பெட்ரோலோடு மார்ச் வரை நிறுத்தினால் வசந்தத்தில் ஸ்டார்ட் ஆகாது. டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, கார்புரேட்டர்வரை போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் போடும்போது பம்பில் பார்த்துப் போடுங்கள். 10 சதவீத எத்தனால்வரை சரி, இ15 என்று போட்டிருந்தால் அது காருக்கு, மோவருக்கு வேண்டாம்.