சுற்றிலும் பாலைவனம், செங்கடலுக்குள் மட்டும் எப்படி இவ்வளவு பவளப்பாறை? நீச்சல் தெரியாதவர் பார்க்க முடியுமா?

பாலைவனம்தான் காரணமே. செங்கடலில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கலப்பதில்லை, மழையும் அபூர்வம். வண்டல் வராததால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிக்கு வேண்டிய வெயில் ஆழம்வரை இறங்கும். ஆவியாதல் அதிகம் என்பதால் உப்பும் கூடுதல்: பொதுவாகக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம், இங்கே வடபகுதியில் சுமார் 40. உடம்பு எளிதாக மிதக்கும். காற்றுக் குடுவையோடு மூழ்கும் ஸ்கூபா ஆட்களோ இடுப்பில் கொஞ்சம் கூடுதல் எடை கட்டினால்தான் இறங்க முடியும்.

எகிப்தின் தஹாப், ஷர்ம் எல் ஷேக் பக்கம் பாறைத் திட்டு கரையை ஒட்டியே இருக்கிறது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள், திடீரென்று தரை செங்குத்தாக விழும், கீழே வெறும் நீலம். அந்த விளிம்பில்தான் ஆரஞ்சு நிற ஆந்தியாஸ் மீன்கள் கூட்டமாக மினுக்கும். சத்தம் போடாமல் மிதந்தால் கிளிமீன் பாறையைக் கடிக்கும் 'கறுக் மொறுக்' காதில் விழும்.

நீச்சல் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட்டோடு, வழிகாட்டியின் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தனியாக வேண்டவே வேண்டாம். முழுக்கைச் சட்டை போடுங்கள். குப்புற மிதக்கும்போது முதுகு வேகுவது தெரியாது, ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும்! பாறைமேல் கால் வைக்காதீர்கள்: பவளம் நொறுங்கும், கல்லென்று நினைத்து மிதிப்பது விஷமுள் கொண்ட கல்மீனாகவும் இருக்கலாம்.