60 வரி வித்தை

கேள்வி: பணம், முகவரி, தேதி வரம்பு என்று ஒவ்வொரு குட்டி வேல்யூ ஆப்ஜெக்டுக்கும் (மதிப்பை மட்டும் சுமக்கும் பொருளுக்கும்) ரூபி மொழியில் கிளாஸ் எழுதி அலுத்துவிட்டது. புலப் பெயர்களைக் கொடுத்தால் கிளாஸைத் தானே உருவாக்கும் மெட்டாபுரோகிராமிங் (கோடே கோடை எழுதும் வித்தை) கோடு ஒன்றை 60 வரியில் எழுதினேன். இணைத்திருக்கிறேன். டீமில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பொறாமையா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: பொறாமையாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் கோடை ஓட்டிப் பார்த்தேன். ‘பணம்’ கிளாஸில் 100 ரூபாய் ஆப்ஜெக்ட் இரண்டு செய்து, அரேயில் போட்டு, இரட்டிப்பை நீக்கும் ‘யூனிக்’ கூப்பிட்டால் இரண்டும் அப்படியே நிற்கின்றன! சமமா என்று பார்க்கும் இரட்டைச் சமக்குறியை எழுதிவிட்டு, ‘ஈக்யூஎல்’ (இன்னொரு ஒப்பீடு), ‘ஹேஷ்’ (மதிப்பிலிருந்து ஓர் எண் தரும் மெத்தட்) இரண்டையும் மறந்துவிட்டீர்கள். யூனிக் பார்ப்பது அந்த இரண்டைத்தான். மதிப்பு ஒன்றானால் பொருளும் ஒன்று என்பதுதானே வேல்யூ ஆப்ஜெக்ட்? நீங்கள் தானாக உருவாக்கியது புலங்களை மட்டும்.

இத்தனைக்கும் ரூபியிலேயே இந்த வேலைக்கு ஆள் இருக்கிறது. ‘ஸ்ட்ரக்ட்.நியூ’ ஓடும்போதே கிளாஸ் செய்து தரும். ஒப்பீடு, ஹேஷ் எல்லாம் சரியாக இருக்கும். அதன் வியாதி வேறு: புலத்தை மாற்றவிடும் செட்டரும் கூடவே வரும். ஹேஷ் அட்டவணையில் சாவியாக வைத்த பணத்தின் தொகையை யாராவது மாற்றினால் அப்புறம் அந்தச் சாவி சிக்காது. நாணயத்தைக் கொடுக்க மறந்தாலும் சத்தமில்லாமல் ‘நில்’ (nil, வெற்று மதிப்பு) போட்டுக்கொள்ளும். 2022 டிசம்பரில் ரூபி 3.2 கொண்டுவந்த ‘டேட்டா.டிஃபைன்’ இந்த இரண்டையும் தீர்த்தது. செட்டர் கிடையாது, ஒரு புலம் விட்டுப்போனால் அங்கேயே ஆர்கியுமென்ட் எரர். தொகையை மட்டும் மாற்றிய பிரதி வேண்டுமா, ‘வித்’ இருக்கிறது. ஆனால் இதில் மாறாமல் உறைவது மேல் ஓடு மட்டும்தான். உள்ளே கிடக்கும் ஸ்ட்ரிங்கை அப்போதும் யாரும் மாற்றலாம், அதை நீங்கள்தான் ஃப்ரீஸ் செய்ய (உறைய வைக்க) வேண்டும்.

பைதான்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே ‘நேம்ட்டியூப்பிள்’ (புலங்களுக்குப் பெயர் வைத்த டியூப்பிள்) வைத்து நீளம்-அகலம் ஒன்று, வரிசை-இருக்கை ஒன்று என்று இரண்டு வகை செய்து, இரண்டிலும் 3, 4 போட்டு ஒப்பிட்டால் சமம் என்றே பதில் வரும். பைதான் 3.7இல் வந்த ‘டேட்டாகிளாஸ்’ கிளாஸையும் சேர்த்துப் பார்க்கும்.

டீம் முகம் சுளிப்பதற்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. மெத்தடுகளை ஸ்ட்ரிங்காகக் கோத்து, ஸ்ட்ரிங்கைக் கோடாக ஓட்டும் ‘கிளாஸ் ஈவாலு’க்கு ஃபைல் பெயரும் வரி எண்ணும் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். பிழை வந்தால், அது வந்த வழியைக் காட்டும் பேக்ட்ரேஸில் ரூபி 3.2 வரை ‘ஈவால்’ என்றுதான் இருக்கும். ராத்திரி 11 மணிக்கு அதைத் தேடுகிறவர் உங்களை வாழ்த்தவா செய்வார்?

உங்கள் ரூபி 3.2க்கு முந்தையதா? சரி, ஸ்ட்ரக்டையே எடுத்து, ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் இனிஷியலைஸில், ஸ்ட்ரக்டின் வேலையைச் செய்யவைக்கும் ‘சூப்பர்’ கூப்பிட்ட கையோடு ‘ஃப்ரீஸ்’ போடுங்கள். நாலு வரிகூட ஆகாது.