பத்து பெரிங்கிக்கு ஒரு கேசினோ? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 2014-ல் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறேன். வார நாட்களில் பல அறைகள் காலியாகவே கிடக்கின்றன. இங்கே ஒரு கேசினோ வந்தால் பிழைத்துக்கொள்வோம் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஊரும் முப்பது வருடம் நன்றாகத்தானே இருந்தது? சூது பாவம் என்பதால்தான் எதிர்க்கிறீர்களா?

– பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பி,

முப்பது வருடச் சம்பளம் சின்ன விஷயம் இல்லை. அதில் எத்தனையோ பிள்ளைகள் படித்திருப்பார்கள். அதனால் பாவ புண்ணியத்தை விட்டுவிட்டு உங்கள் பிழைப்பை மட்டும் வைத்தே பேசுகிறேன்.

அட்லாண்டிக் சிட்டியும் கூட்டம் குறைந்துபோன கடற்கரை ஊர்தான். 1976-ல் அந்த ஊர் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்து மக்கள் வாக்களித்துக் கேசினோவை அனுமதித்தார்கள். 1978 மே மாதம் முதல் கேசினோ திறந்தது. அன்றைக்கு நெவாடாவை விட்டால் அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் சட்டப்படி கேசினோ கிடையாது. நியூயார்க்கிலிருந்தும் பிலடெல்ஃபியாவிலிருந்தும் வயதானவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். பக்கத்தில் வேறெங்கும் ஆட முடியாது என்பதால்தான் அங்கே காசு கொட்டியது. 2006-ல் வருமானம் சுமார் 520 கோடி டாலர். அதே ஆண்டு பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் கேசினோ திறந்தது. 2013-ல் அட்லாண்டிக் சிட்டியின் வருமானம் 300 கோடிக்கும் கீழே வந்துவிட்டது.

அங்கே போய்க்கொண்டிருந்த நியூயார்க் ஆட்களைத் தன் பக்கம் இழுத்ததில் நம் நாட்டு நிறுவனத்துக்கும் பங்குண்டு. 2011-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிச் சூதாட்டக் கூடம் திறந்தது கெந்திங்தான்.

2014-ல் மூடப்பட்டவற்றில் ஒன்று ரெவெல். சுமார் 240 கோடி டாலர் செலவில் கட்டி 2012-ல் திறந்தது, மூன்று வருடம்கூட ஓடவில்லை. அப்புறம் விற்ற விலை 8.2 கோடி டாலர். அந்த ஒரு வருடத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு வேலை போனது. பணம் போட்டவர்கள் திவால் மனு கொடுத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போகலாம். அறை சுத்தம் செய்தவர்கள் எங்கே போவார்கள்?

உங்கள் ஆட்களுக்கு நீங்கள் அவசியம் சொல்ல வேண்டியது அதே அட்லாண்டிக் சிட்டியின் தாஜ் மஹால் கேசினோவில் நடந்தது. திவால் வழக்கில் தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டன. காப்பீட்டைத் திரும்பக் கேட்டு 2016 ஜூலையில் சமையல்காரர்களும் அறைப் பணியாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் கேசினோவையே மூடிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தாஜ் மஹாலும் ரெவெலும் 2018-ல் வேறு பெயர்களில் திறந்தன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சூதாட்டம் இப்போது கைபேசிக்குப் போய்விட்டது. நியூ ஜெர்சி 2013-லேயே இணையச் சூதை அனுமதித்தது. 2024-ல் நேரில் வந்து ஆடியவர்களிடம் கிடைத்தது சுமார் 280 கோடி டாலர் என்றால், இணையத்தில் கிடைத்தது சுமார் 240 கோடி. வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்குப் படுக்கை விரிக்க ஆள் வேண்டாம், சமைத்துப் போடவும் வேண்டாம்.

பினாங்கில் கேசினோ வைத்தால் தனியாகவா இருக்கும்? கெந்திங் மலையில் 1971 முதல் இருக்கிறது. சிங்கப்பூரில் 2010 முதல் இரண்டு. தாய்லாந்து கேசினோ மசோதாவைக் கொண்டுவந்து 2025-ல் திரும்பப் பெற்றது. நாளைக்கு மனம் மாறினால், நம் கரைக்கு வர வேண்டியவர்கள் வடக்கே போவார்கள். போதாததற்கு, நம் வட்டாரத்தில் நாலு நம்பர் லாட்டரிக்கும் ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரர்களுக்கும் ஏற்கெனவே போகிற சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

பத்து பெரிங்கிக்கு இன்னமும் ஒரு கடல் இருக்கிறது. அதில் கலக்கும் கழிவுநீரைப் பற்றி உங்கள் தொழிற்சங்கம் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறதா? இல்லையென்றால் மனுவை நீங்கள் எழுதுங்கள். வாசித்துத் திருத்தித் தர நான் தயார். கேசினோ பேச்சோடு யாராவது வந்தால், மூடும்போது தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.