வாசகர் கேள்வி – பதில்: டிரிஸ்டன் ட குன்ஹா தீவுகள்

கேள்வி: மக்கள் வாழும் தீவுகளில் மிகவும் ஒதுங்கியிருப்பது எது? அங்கே எப்படிச் செல்வது?

பதில்: தெற்கு அட்லாண்டிக் கடலில், பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட டிரிஸ்டன் ட குன்ஹா தீவுக்கூட்டமே அது. மனிதர் குடியிருக்கும் நிலங்களில் அதற்கு மிக அருகில் இருப்பது செயின்ட் ஹெலினா. அந்த 'அருகில்' என்பதே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பலேறினால் சுமார் ஒரு வாரப் பயணம். போய்ச் சேர்ந்தாலும், கடல் கொந்தளித்தால் அந்தச் சிறு துறைமுகத்தில் இறங்க முடியாமல், கண்ணெதிரே ஊர் தெரியக் கப்பலிலேயே காத்திருக்க நேரலாம்.

கேள்வி: நெப்போலியனால்தான் அந்தத் தீவில் குடியேற்றம் உண்டானது என்பது உண்மையா?

பதில்: பெருமளவு உண்மை. 1506-இல் போர்த்துகீசிய மாலுமி ஒருவர் கண்டு தம் பெயரைச் சூட்டிய இத்தீவுகளை உலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் சிறை வைக்கப்பட்டபோது, அவரை மீட்க வருவோர் இத்தீவைத் தளமாகக் கொள்ளக்கூடும் என்று அஞ்சிய பிரிட்டன், 1816-இல் அங்கே ஒரு படைப்பிரிவை நிறுத்தியது. வரைபடத்தில் இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பார்ப்பவர்களுக்கு அந்த அச்சம் சற்று மிகையாகவே தோன்றும். மறு ஆண்டே படை திரும்பியது. ஆனால் வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தம் குடும்பத்துடனும் தோழர்கள் இருவருடனும் அங்கேயே தங்கிவிட்டார். பொருள்களும் வருவாயும் அனைவருக்கும் சமம், ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லை என்று அவர்கள் 1817-இல் எழுதிக்கொண்ட உடன்படிக்கையின் சாயல் இன்றும் அங்கே உண்டு: நிலம் ஊருக்குப் பொது, வெளியார் அதை வாங்க இயலாது.

பின்னர் மணமாகாத ஆண்களுக்காக 1827-இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து பெண்கள் சிலர் வந்தார்கள். 1892-இல் கப்பலுடைந்து கரையேறிய இத்தாலிய மாலுமிகள் இருவர் தங்கிவிட்டார்கள். இப்படிச் சேர்ந்த சிலரின் வழித்தோன்றல்களே இன்றுள்ள இருநூற்றுச் சொச்சம் பேரில் ஏறக்குறைய அனைவரும். ஆகவே குடும்பப் பெயர்கள் பத்தைத் தாண்டுவதில்லை. முன்னோர் சிலருக்கு இருந்த ஆஸ்துமா தலைமுறைதோறும் பரவி, மரபணு ஆய்வாளர்களை அங்கே வரவழைத்தது.

கேள்வி: எரிமலை வெடித்து அந்த ஊரே காலியானது என்கிறார்களே?

பதில்: ஆம். 1961 அக்டோபரில், ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு வெளிவந்தது. சிங்கி இறாலைப் பதப்படுத்தும் தொழிற்சாலை அழிந்தது. 264 பேரும் கேப் டவுன் வழியாக இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே வேலையும் வீடும் கிடைத்தன. தீவில் அதிகம் அறியாத சளியும் காய்ச்சலும் கூடவே வந்தன. நவீன வசதிகளைக் கண்ட பிறகு இவர்கள் எங்கே திரும்பப் போகிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். 1962 இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் திரும்பிப் போக விரும்பியோர் 148 பேர், மறுத்தோர் 5 பேர்! 1963-இல் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். இவர்களைப் பின்தங்கியவர்கள் என்று பரிதாபப்பட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

கேள்வி: அங்கே உருளைக்கிழங்குதான் பணமாமே?

பதில்: இப்போது பிரிட்டிஷ் பவுண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை பண்டமாற்றே வழக்கம். 1946-இல் உருவாக்கிய உள்ளூர் அஞ்சல் வில்லையில், ஒரு பென்னிக்கு நான்கு உருளைக்கிழங்கு என்றே விலை அச்சிட்டிருந்தார்கள்.

கேள்வி: அங்கே மட்டும் வாழும் உயிரினம் ஏதேனும் உண்டா?

பதில்: பல உண்டு. இக்கூட்டத்தைச் சேர்ந்த, ஆளில்லாத இனாக்சசிபிள் தீவில், பறக்க இயலாப் பறவைகளுள் உலகிலேயே மிகச் சிறியது வாழ்கிறது. எடை 40 கிராம் அளவே. தென்னமெரிக்காவிலிருந்து பறந்து வந்த இதன் மூதாதை, வேட்டையாடும் விலங்குகள் இல்லாத அத்தீவில் பறக்கும் தேவையின்றி, காலப்போக்கில் அந்த ஆற்றலை இழந்தது. எலிகள் இதுவரை அங்கே நுழையாததால்தான் அது பிழைத்திருக்கிறது.