மீட்டிங் சண்டையை ஏ.ஐ. தீர்த்து வைக்குமா?

கேள்வி: சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். ஒன்பது பேரில் பாதிப்பேர் இங்கே, மீதிப்பேர் பெங்களூரில். வாராவாரம் ஆன்லைன் ரிலீஸ் மீட்டிங்கில் டெஸ்டருக்கும் டெவலப்பருக்கும் முட்டிக்கொள்கிறது, மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு மியூட்டில் போய்விடுகிறார்கள். யார் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்று மதிப்பெண் போடும் ஏ.ஐ. உதவியாளரைச் சேர்க்கலாம் என்கிறார் மேனேஜர். சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: உதவியாளர் இருக்கட்டும், அந்த மதிப்பெண் மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே சத்தமாகப் பேசிப் பழகியவருக்கு 'கோபக்காரர்' என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால், அப்புறம் அவர் வாயையே திறக்கமாட்டார். வேலை செய்யும் இடத்தில் முகத்தையும் குரலையும் வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் ஏ.ஐ.க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடையே போட்டிருக்கிறது, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும்தான் விலக்கு. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2022-லேயே பொதுப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டது. மேனேஜரிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

சரி, எதற்குப் பயன்படுத்தலாம்? மைக்ரோசாஃப்டின் மீட்டிங் செயலியான டீம்ஸில் இருக்கும் கோபைலட் என்ற ஏ.ஐ. உதவியாளரிடம் மீட்டிங் நடக்கும்போதே "இந்த விஷயத்தில் நாங்கள் எங்கே முரண்படுகிறோம்?" என்று கேட்கலாம். 'சரிசெய்ததாகச் சொன்ன பக் (மென்பொருள் பிழை) மூன்று முறை திரும்பி வந்தது' என்பது டெஸ்டர் பக்கம், 'டெஸ்ட் டேட்டாவே முந்தின நாள் ராத்திரிதான் வந்தது' என்பது டெவலப்பர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இந்த இரண்டும் "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்றுதான் வெளியே வரும். பெயரும் குத்தலும் இல்லாமல் இரண்டு வரியாகத் திரையில் பார்க்கும்போது, சண்டை ஆட்களிடமிருந்து நகர்ந்து டேட்டா வரும் தேதிக்குப் போய்விடுகிறது, தேதியை நீங்கள் மாற்ற முடியும்.

கூகுளின் ஏ.ஐ. ஆய்வுப் பிரிவான டீப்மைண்ட் பிரிட்டனில் 5,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2024 அக்டோபரில் சயன்ஸ் இதழில் வந்தது. கருத்து மாறுபட்டவர்களின் பொதுக்கருத்தை ஏ.ஐ.யும் எழுதியது, மனித நடுவர்களும் எழுதினார்கள். 56 சதவீத நேரம் ஏ.ஐ. எழுதியதைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தன் கருத்தை முதலில் தனியாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள், யாரும் யாரையும் இடைமறிக்கவில்லை. எனக்கு அதில் பிடித்ததே இதுதான். உங்கள் டெஸ்டர், டெவலப்பர் இருவரையும் மீட்டிங்குக்கு முதல் நாளே ஆளுக்கு நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அதைத் தொகுக்கும் வேலையை ஏ.ஐ.யிடம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மீட்டிங் ஒன்றில் சீனியர் ஒருவர் "பார்க்கலாம்" என்றார். அந்த இழுவையைக் கேட்ட எங்கள் எல்லோருக்கும் அது 'முடியாது' என்று தெரியும். கருவி கொடுத்த சுருக்கத்திலோ அவர் ஒப்புக்கொண்டதாக இருந்தது, அதை வைத்தே அடுத்த வாரம் பெரிய சண்டை வந்தது. தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினால் கருவி பேச்சை எழுத்தாக மாற்றுவதிலேயே பாதி குளறுபடி ஆகிவிடும். அதனால் சுருக்கத்தை அனுப்புமுன் இருவரிடமும் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேட்டுவிடுங்கள்.

அந்த இருவரிடமும் தனித்தனியாகப் போனில் பேசினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே பேசுங்கள். மூன்று முறை திரும்பி வந்த பக்குக்குப் பின்னால் தூங்காத ராத்திரிகள் இருக்கலாம், அதை ஒன்பது பேர் இருக்கும் மீட்டிங்கில் யாரும் சொல்லமாட்டார்கள், எந்தக் கருவியின் காதிலும் அது விழாது.

கேள்வி: எங்கள் மீட்டிங்கில் யாரோ ஒருவரின் நோட்டேக்கர் பாட் (பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் ஏ.ஐ. கருவி) சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியேற்றலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: உடனே வெளியேற்றுங்கள். வேண்டுமென்றால் அதன் சொந்தக்காரர் எல்லோரிடமும் கேட்டுவிட்டு மறுபடி சேர்க்கட்டும்.