இலவச ஊசிக்கு இரண்டு நாள் கூலி

கேள்வி: சிறுசேரி பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டுமான சைட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த நாற்பது குடும்பங்கள் சைட்டை ஒட்டிய தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கின்றன. கைக்குழந்தைகள் பலருக்குத் தடுப்பூசி பாக்கி. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்றால் தலையாட்டுகிறார்கள், ஆனால் போவதில்லை. இலவசமாகப் போடுவதை ஏன் மறுக்கிறார்கள்? எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘மறுக்கிறார்கள்’ என்ற முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சித்தாள் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மதியம் திரும்பினாலும் அன்றைய கூலி போச்சு. ஷேர் ஆட்டோ செலவு தனி. தமிழ் தெரியாது என்று கணவரையும் துணைக்குக் கூட்டிப்போனால் அவர் கூலியும் போச்சு. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாளும் அந்தப் பெண் வேலைக்கு வர முடியாது. ஆக, இலவச ஊசிக்கு 1,200 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. அதுவும் ஒரு தடவை இல்லை. 6, 10, 14 வாரங்களில், அப்புறம் 9 மாதத்தில், அதன் பிறகு ஒன்றரை வயதை ஒட்டி என்று அலைய வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அதே புதன்கிழமை ஒரு கேஷுவல் லீவோடு முடிந்துவிடும்.

காய்ச்சலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும்) ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி முழுச் செல் வகை, அதாவது கொல்லப்பட்ட கிருமியை முழுதாகச் சேர்த்தது. நல்ல பாதுகாப்பு தரும், ஆனால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வருவது சாதாரணம். தனியார் மருத்துவமனையில் ‘பெயின்லெஸ்’ என்று சொல்லிப் போடுவது செல்லற்ற வகை, கிருமியின் சில பகுதிகள் மட்டும் சேர்த்தது. காய்ச்சல் குறைவு, விலை ஆயிரங்களில். காசுள்ளவர்கள் அந்த ஒரு ராத்திரியை விலை கொடுத்துத் தவிர்த்துவிடலாம். தகரக் கொட்டகையில் இருக்கும் தாய்க்கு அந்த வழி கிடையாது. ‘ஊசி போட்டால் காய்ச்சல் வரும்’ என்று அவர் சொன்னால் அதை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். சரியாகத்தான் சொல்கிறார்.

அடுத்தது, போனால் ஊசி கிடைக்குமா என்பது. ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் 134 கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 2010இல் வெளியிட்டார்கள். அங்கே துணை சுகாதார நிலையங்களில் செவிலியர் இருப்பதே நிச்சயமில்லை. எதுவும் செய்யாத கிராமங்களில் எல்லா ஊசியும் முடித்த குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 சதவீதம். முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் எல்லாம் முடித்ததும் எவர்சில்வர் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39 சதவீதம். பருப்புக்குச் செலவு செய்தும், வெறும் முகாமோடு ஒப்பிட்டால் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டு முடிக்க ஆன செலவு பாதியானது. வந்து உட்கார்ந்திருக்கும் செவிலியரிடம் அதிகக் குழந்தைகள் வந்தால் அப்படித்தானே ஆகும்?

ஒரு கிலோ பருப்புக்காக யாரும் கொள்கையை மாற்றிக்கொள்வதில்லை. அங்கே கொள்கைரீதியான எதிர்ப்பே பெரிதாக இல்லை, ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்ற தள்ளிப்போடல்தான் இருந்தது.

நான் பணியாற்றிய ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டதையும் சொல்கிறேன். தட்டம்மை-ரூபெல்லா மருந்து பல டோஸ் கொண்ட குப்பியில் வரும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். மருந்து வீணாகும் என்று பயந்து, ‘இன்று இரண்டு குழந்தைகள்தான், அடுத்த வாரம் வாங்க’ என்று செவிலியர் திருப்பி அனுப்பினார். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. அப்படித் திரும்பிப் போன ஒரு செங்கல் சூளைத் தாய் மறுபடி வரவே இல்லை. எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘மறுப்பு’ என்று எழுதியிருந்தோம்! அதை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பணம் இருந்தால் தயக்கமே இருக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. 2017இல் தமிழ்நாட்டில் இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போட்டபோது, வாட்ஸ்ஆப் வதந்தியை நம்பிப் பின்வாங்கிய பெற்றோர் பலர் நன்றாகப் படித்தவர்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது. உங்கள் சைட் ஆட்களுக்கு நேரமும் கூலியும் தேவைப்படுகின்றன. நோட்டீஸ் அடித்துக் கொடுத்து அதைத் தீர்க்க முடியாது.

கிழமைகூட முக்கியம். 2021இல் கொரோனா மெகா முகாம்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினார்கள். ஊசி போட்டால் கறியும் குடியும் கூடாது என்று நம்பி ஒரு கூட்டம் ஒதுங்கியது. அந்த அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மக்களோடு வாதம் செய்வதைவிட நாட்காட்டியைத் திருத்துவது சுலபம்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து, சைட்டிலேயே முகாம் போடச் சொல்லுங்கள். கட்டுமான இடங்களும் செங்கல் சூளைகளும் வெளிமுகாம் திட்டத்தில் சேர வேண்டிய இடங்கள்தான், நீங்கள் கேட்பது சலுகை இல்லை. குழந்தைகளின் பெயர், வயது, போட்ட ஊசி ஆகியவற்றைப் பட்டியலாக எழுதிக் கையோடு கொண்டுபோனால் வேலை சீக்கிரம் நடக்கும். முகாமைச் சம்பள நாளன்று மாலையோ, மதியச் சாப்பாட்டு நேரத்திலோ வையுங்கள். அன்றைக்குத் தாய்க்குக் கூலி பிடிக்காதீர்கள், மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதற்கும் பிடிக்காதீர்கள். இந்த ஒன்றைப் பற்றி உங்கள் காண்ட்ராக்டரிடம் பேசிச் சம்மதம் வாங்குவதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. பாரசிட்டமால் சொட்டு மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை, இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒரு தொழிலாளியை வைத்துச் செவிலியர் விளக்கட்டும்.

தடுப்பூசி அட்டை ஊரிலேயே இருக்கிறது, நடுவில் விட்டுப்போச்சு என்றெல்லாம் சொல்வார்கள். பரவாயில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. ஒரு வயது தாண்டியும் பென்டா தொடங்கவே இல்லை என்றால் அதற்குப் பதில் முத்தடுப்பு (டிபிடி) ஊசியை 7 வயதுவரை போடலாம். தட்டம்மை-ரூபெல்லாவை 5 வயதுவரை போடலாம். புது அட்டை எழுதியதும் அதைப் போன் கேமராவில் படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த சைட்டுக்கோ ஊருக்கோ மாறும்போது மூட்டையில் முதலில் தொலைவது அந்த அட்டைதான்.